அடுப்புக்கு மேலே தொங்கிய ஆக்சில்

“அண்ணாச்சி, பின்பக்கத்து ஆக்சில் ஒண்ணு வச்சிருக்கியளா?”

மிக்கேல் என் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டபோது காலை எட்டு, எட்டரை இருக்கும். முழங்கால் வரைக்கும் சிவப்பு மணல் அப்பியிருந்தது. திருச்செந்தூர்ப் பாதையில் மணலில் புதைந்த தன் வாடகை மோட்டாரை இழுத்தெடுக்கப் பார்த்து, பின்சக்கர இரும்புத் தண்டான ஆக்சிலை முறித்துவிட்டு, யாரோ ஒரு புண்ணியவானின் மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருந்தான். முகம்கூடக் கழுவவில்லை. நேரே என்னிடம்தான் வந்தான்.

நான் பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் பாதி கடித்த சின்ன வெங்காயம்.

“இல்லையே வே. இருந்தா குடுக்க மாட்டனா?” என்றேன்.

அந்த வாயை அன்றைக்கே சாம்பல் போட்டு விளக்கியிருக்க வேண்டும். அவன் கேட்ட ஆக்சில் எனக்குப் பின்னால் பதினைந்தடி தூரத்தில், அடுக்களையில், அடுப்புக்கு நேர் மேலே சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு தொங்கியது.

மிக்கேல், “சரி அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் மீதி வெங்காயத்தைத் தட்டிலேயே போட்டேன்.

இரண்டு வண்டி, ஒரே ஜாதகம்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் வண்டியைப் பிள்ளை மாதிரி வளர்த்தேன் என்று எழுதினாலும் எழுதினேன், சேரன்மகாதேவியிலிருந்து ஒரு அம்மாள், “உங்கள் பிள்ளைகளையும் அதேபோல் வளர்த்தீர்களா?” என்று கடிதம் போட்டிருக்கிறார். இல்லை அம்மா. பிள்ளைகளை அவர்களின் தாய் வளர்த்தாள். நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். போதுமா?

என் வண்டி முதலில் ஒரு சங்கு வியாபாரியிடம் இருந்தது. முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்கான பிறகு அவருக்கு அதில் ஏற மனமில்லை, என்னிடம் தள்ளிவிட்டார். நான் வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. இடதுபக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருப்பேன். வலதுபக்கக் கதவு, நல்ல மனநிலையில் இருந்தால் திறக்கும்.

மிக்கேலிடமும் அதே கம்பெனி, அதே மாடல். அதை ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போனான். ரயிலடியில் இரண்டு வண்டிகளும் முன்னும் பின்னுமாக நிற்கும். தூரத்தில் வரும் சவாரிக்காரர்களுக்கு எது யாருடையது என்று தெரியாது. அதனால் நாங்கள் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சிரிப்போம்.

இந்த மிக்கேலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் தூத்துக்குடிக் கடலோரத்துத் திரேஸ்புரத்துக்காரன். அப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் கடலில் குளித்து முத்தெடுத்தவர்கள். இவனுக்கோ தோணியில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். ஊரே கேலி பண்ணியது. “கரையில நிக்கச்சேயே வாந்தி எடுக்கான்” என்பார்கள். அதற்குப் பயந்துதான் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டான்.

அவன் கடலுக்குப் பயந்து ஓடிவந்தவன் என்றால், நான் தராசுக்குப் பயந்து ஓடிவந்தவன். உடன்குடிப் பக்கம் எங்களுக்குக் கருப்பட்டிக் கடை. என் மூத்த அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தால் கூரை ஓட்டைப் பார்த்துக்கூடச் சந்தேகப்படுவார். அவரோடு பெரிய சண்டை போட்டு, “இனி இந்தத் தராசைத் தொட்டேன்னா நான் மனுசனில்ல” என்று துண்டை உதறிவிட்டு வந்தேன். “வண்டி படுத்துக்கிட்டா இங்கனதாம்ல வருவ” என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதிலிருக்கிறது.

ஆகவே வண்டி படுக்கக் கூடாது. என் வாழ்க்கையில் அப்போது இருந்த ஒரே லட்சியம் அதுதான்.

மதுரையிலிருந்து ஒரு மூட்டை

சண்டை ஆரம்பித்தது. அண்ணனோடு போட்ட சண்டை இல்லை, உலகச் சண்டை. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. துறைமுகத்தில் கப்பல் வருவது குறைந்தது. பாதிப் பேர் பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓட்ட, வண்டிக்குப் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு புகைவிட்டபடி போனார்கள். சீமையிலிருந்து சாமான் வருவது நின்றுபோகும் என்று பேச்சு அடிபட்டது.

எனக்கு இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் ரயிலேறி மதுரைக்குப் போனேன். அங்கே ஒரு சந்துக்குள் எங்கள் மாடல் வண்டிக்குச் சாமான் வைத்திருந்த கடை ஒன்று உண்டு. என்ஜின் விசிறியைச் சுழற்றும் ரப்பர்ப் பட்டையான ஃபேன் பெல்ட் இரண்டுதான் இருந்தது, இரண்டையும் எடுத்தேன். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாய், டயருக்குள் போடும் டியூப், பிளக்கு, வால்வு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். கடைக்காரர், “ஆக்சில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இனி வராது” என்றார். அதையும் எடுத்தேன்.

“தூத்துக்குடியில் இதே வண்டி இன்னொன்று இருக்கிறது அல்லவா? அவரும் கேட்டு எழுதியிருந்தார்” என்றார் கடைக்காரர்.

“அவரு வேற ஏற்பாடு பண்ணிட்டாரு” என்றேன்.

பாருங்கள், பொய் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. வாசலில் மிக்கேலிடம் சொன்னது இரண்டாவது பொய். அதைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். மதுரையில் சொன்னதற்கு என்ன சமாதானம்? ஒன்றும் கிடையாது. பேராசை, அவ்வளவுதான்.

கருப்பட்டி மூளை

சாமான் வந்துவிட்டது. எங்கே வைப்பது? எங்கள் ஊர்க் கடல்காற்றில் இரும்பு ஒரு வாரம் சும்மா கிடந்தால் துரு பூத்துவிடும். பூட்டுக்குத் துரு, சாவிக்குத் துரு, சன்னல் கம்பிக்குத் துரு.

அங்கேதான் என் பரம்பரை மூளை வேலை செய்தது. கருப்பட்டிக்கு ஈரக்காற்று ஆகாது. பட்டால் இளகி ஒழுகும். அதனால் எங்கள் வீடுகளில் அதை ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். தினமும் புகையும் சூடும் பட்டுக் கல் மாதிரி கிடக்கும். வருஷம் திரும்பினாலும் கெடாது. கருப்பட்டியையே காப்பாற்றும் புகை, மோட்டார் சாமானைக் காப்பாற்றாதா?

பெரிய ஓலைப்பெட்டி இரண்டு வாங்கி, எல்லாவற்றையும் அடுக்கி, உத்திரத்தில் கட்டினேன். ரப்பர்க் குழாயின் நுனி மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது; ஆக்சில் பெட்டிக்குள் அடங்கவே இல்லை. அதைச் சாக்கில் சுற்றித் தனியாகத் தொங்கவிட்டேன்.

என் மனைவி பொன்னம்மா, மாமன் மகள். எனவே பயம் கிடையாது. இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

“அத்தான், கொழம்பு கொதிக்கச்சே இந்த இரும்புத் தடி சட்டியில விழுந்தா என்ன செய்ய?”

“விழாதுளா. ஆனை கட்டுற முடிச்சு.”

“ஆனைக்கு முடிச்சுப் போட்டிய, சரி. கருப்பட்டிய எங்கன போட?”

கருப்பட்டி அலமாரிக்குப் போயிற்று. மழைக்காலத்தில் அலமாரியே இனித்தது. எறும்பு வரிசையைப் பார்த்து அவள் என்னைப் பேசிய பேச்சை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

ஆனாலும் எனக்கு அந்தப் பெட்டிகளைப் பார்த்தால் ஒரு நிம்மதி. சாப்பிடும்போது அண்ணாந்து பார்ப்பேன். அண்ணனின் சிரிப்பு கொஞ்சம் தூரமாய்க் கேட்கும்.

இல்லை என்ற பிறகு

மிக்கேல் ஆக்சில் கேட்டு வந்து போன அன்று, பொன்னம்மா அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

“இருக்கதை எதுக்கு இல்லன்னு சொன்னிய?”

“நாளைக்கு எனக்கு ஒடிஞ்சா யாரு தருவா?”

“நாளைக்குத்தான ஒடியும். அவருக்கு இன்னிக்கு ஒடிஞ்சிருக்கு.”

“ஒனக்கு மோட்டாரப் பத்தி என்னளா தெரியும்?” என்று எகிறினேன். எனக்குக் கோபம் வந்தால் நியாயம் என் பக்கம் இல்லை என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும்.

மிக்கேல் எங்கெங்கோ எழுதிப் போட்டான். ஆக்சில் கிடைக்கவில்லை. வண்டியை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டுவந்து வீட்டுப் பக்கத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே கல் கொடுத்து, பழைய பாய்மரத் துணியைப் போட்டு மூடினான்.

ரயிலடியில் நான் மட்டும். சவாரி எல்லாம் எனக்கு. சந்தோஷமாக இருந்ததா என்றால் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு மாதம் கொள்ளைச் சந்தோஷமாகவே இருந்தது. ஆற்றங்கரை ஊர்களிலிருந்து நெல் அறுத்த கையோடு கல்யாணம் பண்ணுகிறவர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கொற்கைக்கு ஒரு பெண்ணழைப்புக்குப் போனேன். பாண்டியர் காலத்தில் கப்பல் நின்ற ஊராம். நான் போனபோது வயலும் வாழையும். “கடல் எங்கன போச்சு?” என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். “ஒங்க ஊருக்குத்தான் அண்ணாச்சி வந்துச்சு” என்றான். வண்டி முழுக்கச் சிரிப்பு.

திரும்பி வரும்போது ரயிலடியில் ஒரு துறைமுகத்து ஆள் சொன்னார்: “மிக்கேல் கொழும்புத் தோணியில ஏறிட்டான், தெரியுமா?”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தோணியைக் கண்டாலே வாந்தி எடுப்பவன், சண்டைக் காலத்தில், கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிய தோணியில் கொழும்புக்குப் போகிறான். வேறு வழி இல்லாமல்தான் போகிறான். அந்த வழியை அடைத்தவன் நான்.

அவன் மனைவி லூர்தம்மா மீன்கூடையைத் தலையில் தூக்கினாள். எங்கள் தெருவுக்கும் வந்தாள். மீன் விற்பவர்கள் புறவாசலுக்குத்தான் வருவார்கள். புறவாசலிலிருந்து இரண்டடி வைத்தால் அடுக்களை. பொன்னம்மா அவளிடம் தினமும் மீன் வாங்கினாள். சாளை, ஊளி, நெத்திலி. வெள்ளிக்கிழமைகூட வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். மழை நாளில் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுப்பாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மீனைத் தின்றுகொண்டு நான் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

மனசு கேட்காமல் ஒரு நாள் ஆக்சிலை அவிழ்த்துக் கீழே வைத்தேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்துக் கொடுத்தால் அன்றைக்கு இல்லை என்று சொன்னது பொய்யென்று தெரிந்துவிடுமே என்று நினைத்து மறுபடி கட்டினேன். கொடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. எட்டு மாதம் இப்படியே போயிற்று.

மாப்பிள்ளையூரணி விலக்கில்

வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டர் வருவார். வாடகை வண்டிகளைப் பார்ப்பார், ஓட்டச் சொல்வார், பக்கத்தில் உட்கார்ந்து துறைமுகம் வரைக்கும் போய்வருவார். அவர் கையெழுத்துப் போட்டால் வண்டிக்குப் பெர்மிட், பெர்மிட் இருந்தால் பெட்ரோல் கூப்பன். கையெழுத்து இல்லையா, அண்ணன் கடைத் தராசு.

அந்த வருஷம் அவர் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம், மாப்பிள்ளையூரணிக்குப் பாதை பிரிகிற விலக்கில் வண்டி ‘டப்’ என்றது. என்ஜின் மூடியைத் திறந்தேன். ஃபேன் பெல்ட் அறுந்து நாக்குத் தள்ளிக் கிடந்தது. ரேடியேட்டரிலிருந்து ஆவி.

நான் பதறவே இல்லை. பின்சீட்டில் சவாரி வந்த பெரியவர் பதறினார். “ஐயா, இதுக்குத்தான் நான் ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன். வீட்டுல புத்தம் புது பெல்ட் ரெண்டு கெடக்கு” என்று அவருக்குப் பெருமையாகச் சொன்னேன். பனைநார்க் கயிற்றை முறுக்கிக் கட்டினேன். அது வழுக்கி வழுக்கி விழுந்தது. கால் மைல் ஓட்டுவது, நிற்பது, தண்ணீர் ஊற்றுவது. இப்படியே பெரியவரை இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஏணி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்து பெல்ட்டைக் கையில் எடுத்து விரித்தேன்.

பொடுக்கென்று ஒடிந்தது.

இரண்டாவதை எடுத்தேன். அது வத்தல் மாதிரி விறைத்து, மேலெல்லாம் வெடித்திருந்தது. வளைத்தேன், அதுவும் போயிற்று. ரப்பர்க் குழாய் பிளந்திருந்தது. டியூப்பை உதறினால் தூள் கொட்டியது. புகையும் சூடும் கருப்பட்டிக்குச் செய்ததை ரப்பருக்கும் செய்துவிட்டன. இரும்புச் சாமான் மட்டும் கரி படிந்து, ஒரு பொட்டுத் துருவில்லாமல் அப்படியே இருந்தது.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. சத்தியமாக வந்தது. மதுரைக்குத் தந்தி அடித்தாலும் பிரயோசனமில்லை. கடைசி இரண்டு பெல்ட்டையும் துடைத்து எடுத்து வந்தவன் நானல்லவா?

பொன்னம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேலி பண்ணவில்லை.

“மிக்கேல் வண்டியில பெல்ட் இருக்கும்லா?” என்றாள்.

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க?”

“இருக்க மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான். தோணி நேத்து வந்துட்டு. அவரு வீட்டுலதான் இருக்காரு. சும்மா போகாதிய, ஆக்சிலக் கொண்டுபோங்க.”

திரேஸ்புரத்தில்

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை வண்டி துறைமுகம் வரைக்கும் ஒழுங்காகப் போய்வந்தது. ஆனால் எனக்கு அந்த நாள் அவ்வளவாக ஞாபகமில்லை. முந்தின நாள்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து சனம் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. ஆக்சிலைப் புது வேட்டித் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது, “கரியத் தொடச்சுக் குடுளா” என்று கேட்டதற்கு, “தொடச்சா வாடை போயிருமா?” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள் பொன்னம்மா.

வழியெல்லாம் யோசித்து ஒரு வசனம் தயார் பண்ணியிருந்தேன்.

மிக்கேல் வீட்டு முன்னால் வலை காய்ந்தது. ஆள் பாதியாகியிருந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், கழுத்து எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாருங்க அண்ணாச்சி” என்று பெஞ்சின் தூசியைத் தட்டிவிட்டான்.

“நேத்துத்தான் வே மதுரையில இருந்து வந்துச்சு. பாத்ததும் ஒன் நெனப்பு வந்துச்சு” என்று ஆக்சிலை நீட்டினேன்.

மூன்றாவது பொய். இதற்கும் மன்னிப்புக் கிடையாது.

மிக்கேல் துணியைப் பிரித்தான். விரலெல்லாம் கரி அப்பியது. மெல்ல மோந்து பார்த்தான். எங்கள் வீட்டு இத்தனை மாதச் சமையல் அதில் மணத்தது. கதவோரம் நின்ற லூர்தம்மா என்னைப் பார்க்காமல் வலையைப் பார்த்தாள்.

“நல்ல சாமான் அண்ணாச்சி. துரு ஒரு பொட்டு இல்ல” என்றான். குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. அந்த இரும்பைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோலப் பெஞ்சில் வைத்தான்.

பிறகு நான் பெல்ட் விஷயத்தைச் சொன்னேன். “பழசு அறுந்துட்டு” என்று மட்டும்தான் சொன்னேன். நாளைக்கு இன்ஸ்பெக்டர் என்றேன். அவன் உள்ளே போய், தண்ணீர்ப் பானைகள் இருந்த மூலையில் மணலைத் தோண்டி, மூடி போட்ட சின்ன மண்பானை ஒன்றை எடுத்துவந்தான். உள்ளே துணியில் சுற்றிய பெல்ட். கையில் வாங்கினேன். குளுகுளுவென்று, நேற்று வாங்கியதுபோல வளைந்தது.

“மண்ணுக்குள்ளயா வே வச்சிருந்த?”

“ரப்பருக்குச் சூடு ஆவாது அண்ணாச்சி. குளுச்சியில கெடக்கணும்.”

லூர்தம்மா ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். பெல்ட்டை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே வாசல் தாண்டினேன். மிக்கேல் கூடவே தெருமுனை வரைக்கும் வந்தான். மனைவிக்குக் கேட்காத தூரம் வந்ததும் நின்றான்.

“குசினியில அடுப்புக்கு மேல ரப்பர் சாமானக் கட்டி வச்சா தாங்காது அண்ணாச்சி. ஒரு மழை நாள்ல லூர்து ஒங்க வீட்டுல பாத்துட்டு வந்து சொன்னா. அன்னிக்கே ஓடிவந்து ஒங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் துடிச்சுது.”

என் கை மடியிலிருந்த பெல்ட்டைத் தடவியது.

“ஆனா, நீங்க இல்லன்னு சொன்ன சாமானப் பத்தி நான் எப்படிப் பேச?”

ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசிவிட்டுப் போயிருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. அவன் ஏசவில்லை. மாதக்கணக்காக எல்லாம் தெரிந்திருந்தும், என் முகம் வாடக் கூடாது என்று வாயைத் திறக்காமல், என் பெல்ட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு, கடலில் குடல் வெளியே வர வாந்தி எடுத்திருக்கிறான்.

“தப்புப் பண்ணிட்டேன் மிக்கேல்” என்றேன்.

அவன் தன் கையிலிருந்த கரியைப் பார்த்தான். வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“நாளைக்கு இன்ஸ்பெக்டரு போனதும் இங்கன வாங்க. ஆக்சில் மாட்ட ரெண்டு ஆளு வேணும்” என்றான்.